வெளிச்சத்தில் சரிபார்க்கப்பட்டது

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, ஒளிவினை ஆராய்ச்சிக் கழகம் என்று ஒரு கட்டடம் இருந்தது. இன்று போய்த் தேடாதீர்கள், கிடைக்காது. வெளிச்சம் ஒரு பொருளின் மேல் பட்டால் அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அதைக் கட்டினார்கள். என்ன ஆகிறது என்பதை அந்தக் கட்டடம் தெள்ளத் தெளிவாகக் கண்டுபிடித்தும் விட்டது. எழுபதுகளின் நடுவில், நானும் அங்கே வேலையில் இருந்தபோது நடந்த அந்தக் கண்டுபிடிப்பைத்தான் சொல்ல வருகிறேன்.

கழகம் தொடங்கிய புதிதில் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே விலையுயர்ந்த முப்பட்டகக் கண்ணாடி இருப்பதாக மேலே எழுதியிருந்தது. எழுதியிருப்பதை நம்பி, சீல் கலையாமல், வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒருநாள் திறந்தால் உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு பல்லி. பல்லி உயிரோடு இருந்தது, கொஞ்சம் பருத்தும் இருந்தது. அடைத்த பெட்டிக்குள் அது இத்தனை வருஷம் எதைத் தின்றது என்று விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். முப்பட்டகத்தைத் தின்றிருக்க வாய்ப்பில்லை என்ற அளவில் கமிட்டி தன் விசாரணையை முடித்துக்கொண்டது. ஆனால் போகிற போக்கில் ஒரு பரிந்துரை செய்துவிட்டுப் போனது. அதுதான் ‘பார்வைச் சான்று’.

விதி எளிமையானது. கழகத்துக்குள் வருகிற, உள்ளேயே உண்டாகிற, கழகத்தைவிட்டு வெளியே போகிற எந்தப் பொருளானாலும் மூன்று அதிகாரிகள் தனித்தனியே அதைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில், கண்ணால் பார்க்கவேண்டும். மூன்று பேரும் பார்த்துவிட்டால் பொருள் உண்டு. பார்க்காதவரை அப்படி ஒரு பொருள் கழகத்தில் இல்லை.

நாற்காலி, மின்விசிறி, பீங்கான் கிண்ணம் இவற்றுக்கெல்லாம் இந்த விதியால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கேண்டீன் போண்டாவைக்கூடப் பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். போண்டாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஹில்டாவின் சாயம்தான் முதன்முதலாகத் தகராறு செய்தது.

ஹில்டா சேலையூர்ப் பெண். அப்பா காலமாகிவிட்டார். அம்மா ரத்தினபாய் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஹில்டா கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, நாலு வருஷம் பாடுபட்டு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சாயத்தை உண்டாக்கியிருந்தாள். சாயம் என்றால் புடவைக்குப் போடுகிற சாயம் இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. கரியும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கைகோத்து நிற்கிற ஒரு மூலக்கூறு. அதன் மேல் வெளிச்சம் பட்டால் அதில் ஒரு வாய் விழுங்கிவிட்டு ஒரு படி மேலே ஏறும். மேலே நிலைகொள்ளாது. உடனே இறங்கும். இறங்கும்போது விழுங்கியதில் கொஞ்சத்தைச் சூடாகக் கழித்துவிட்டு மீதியை வேறு நிறத்தில் உமிழும். அவை ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இறங்கினால் அது வெறும் மினுக்கம். லேசர் ஒளியால் ஓங்கி ஒரு அடி அடித்து, அத்தனையையும் ஒரே சமயத்தில் மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்துவிட்டால் கதை வேறு. ஒன்று இறங்குவதைப் பார்த்து மற்றது, அதைப் பார்த்து இன்னொன்று என்று எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே திசையில், ஒரே மூச்சாக இறங்கும். அப்போது சாயமே ஒரு லேசராகிவிடும்.

தன் சாயம் அப்படி ஆகுமா என்பதுதான் ஹில்டாவின் கேள்வி. ஆனால் அதற்கு அத்தாட்சி வேண்டும். அந்த ஒளியை நிறம் பிரிக்கும் கருவிக்குள் விட்டு, கண்ணாடியாலான போட்டோ பிளேட்டில் பிடித்தால், ஊசியால் கீறினாற்போல ஒரே ஒரு கோடு விழவேண்டும். அந்தக் கோடு விழுந்தால் டாக்டர் பட்டம். விழாவிட்டால் மார்ச்சோடு அவள் உதவித்தொகையும் முடிந்தது, நாலு வருஷமும் முடிந்தது. கோடு இல்லாத ஆராய்ச்சிக்குக் காலநீட்டிப்பு கிடையாது.

சாயத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. மேலே ஏறியதெல்லாம் ஒழுங்காக இறங்கி வருவதில்லை. ஏறின இடத்திலேயே சில கைகோப்பு விட்டு உடைந்துபோகும். உடைந்தது மறுபடி சேராது. வீண் வெளிச்சத்தில் வைத்தால் சாயம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, வெளுத்து, கடைசியில் வெறும் ஆல்கஹால்தான் மிஞ்சும். அதனால் ஹில்டா அதைப் பழுப்பு பாட்டிலில் ஊற்றி, கறுப்புக் காகிதம் சுற்றி, அலமாரிக்குள் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துப் போட்டிருந்தாள். லேசர் பிப்ரவரியில் வருவதாக இருந்தது.

பார்வைச் சான்று பெறாத பொருளை லேசரின் முன்னால் வைக்க முடியாது. ஆகவே அவள் சாயம் தயார் என்று தெரிவித்தாள். அதன் பிறகு நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் கடமையைத்தான் செய்தார்கள்.

முதலில் பார்த்தவர் ஸ்டோர்ஸ் ஆபீசர் யேசுதாசன். நல்ல மனிதர். அதனால் நிதானமாகப் பார்த்தார். பாட்டிலில் இருந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் கொட்டி, ஜன்னலோரம் வெயிலில் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி துடைத்தார்.

“சார், போதும் சார். வெளிச்சம் பட்டா அது செத்துடும்,” என்றாள் ஹில்டா.

“இரும்மா. பாத்தேன்னு எழுதணும்னா பாக்கணும்ல? பாக்காம எழுதினா அது பொய்யாகும். நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சில திருவிருந்து எடுக்கிறவன்.”

அடுத்தவர் நிர்வாக அதிகாரி தசரதன். அவருடைய அறை வடக்குப் பார்த்தது, வெளிச்சம் போதாது. எனவே குவளையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது டெல்லியிலிருந்து போன் வந்திருப்பதாகச் சொன்னார்கள். குவளையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கினார். டெல்லி அன்று நிறையப் பேசிற்று. ஹில்டா மாடிக்கு ஓடினாள். பார்வைச் சான்று நடக்கும் பொருளை அதிகாரி இல்லாதபோது தொடக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்துவிட்டார். அவள் செய்ததெல்லாம், குவளைக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்றதுதான். சூரியன் நகர நகர அவளும் நகர்ந்தாள். கீழே ரோட்டில் போன செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து யாரோ இந்தப் பெண் குதிக்கப்போகிறது என்று கத்தினார்களாம்.

தசரதன் திரும்பி வந்ததும் அவருக்குச் சாயத்தின் மீதே ஒரு சந்தேகம் வந்தது.

“இந்த மாலிக்யூல் மேலே ஏறும்னு எழுதியிருக்கீங்க. ஏறி எவ்வளவு நேரம் மேலே இருக்கும்?”

“ஒரு செகண்டை நூறு கோடியாப் பிரிச்சா, அதுல நாலஞ்சு பங்கு சார்.”

“அப்புறம்?”

“இறங்கிடும்.”

“யாரைக் கேட்டுக்கிட்டு?”

ஹில்டா யோசித்தாள். “யாரையும் கேக்காது சார்.”

“அதான் பார்த்தேன்,” என்றார் தசரதன். “வந்தவுடனே கிளம்பிடறது. இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் இதே வியாதி.”

மறுநாள் ஒரு மெமோ வந்தது. கழகத்தின் சாயங்கள் மேல்நிலைக்கு உயர்த்தப்பட்டால் அலுவலக நேரம் முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்றும், அவசர காரணத்தால் முன்னதாக இறங்குவதானால் அனுமதி பெறவேண்டும் என்றும், தவறினால் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியாளரே பொறுப்பு என்றும் அதில் கண்டிருந்தது. ஹில்டா அதைப் படித்துவிட்டு வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டாள். வேறென்ன செய்வது.

மூன்றாவதாகப் பார்த்தவர் டைரக்டர் ஸ்ரீநிவாசராகவன். அவர் விஞ்ஞானி. வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்த முகத்தோடுதான் பார்த்தார். மேஜைவிளக்குக்கு அடியில் குவளையை வைத்துக்கொண்டு, அந்தச் சமயத்தில் வந்திருந்த விருந்தினர்களிடம் ஒரு சிறு உரையும் ஆற்றினார்.

“மூலக்கூறு வாங்கிண்ட சக்தி முழுசையும் ஒளியாத் திருப்பித் தர்றதில்லை. ஒரு பங்கு சூடாப் போயிடும். அது இயற்கை. நம்ம கழகம் இயற்கைக்கு விரோதமா நடந்ததே இல்லை. அரசாங்கம் எவ்வளவு கொடுத்தாலும் முதல்ல சூடாக்கிண்டு, மிச்சம் ஏதாவது இருந்தா அதைத்தான் வெளிச்சமா வெளியே விடறோம்.”

விருந்தினர்கள் கைதட்டினார்கள். குவளையில் இருந்த சாயம் மாதுளை நிறத்தில் தொடங்கி இப்போது ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்தது.

ஹில்டா டைரக்டரிடம் போய் அழாத குறையாகக் கெஞ்சினாள். இனிமேல் தன் சாயத்தை இருட்டில் வைத்தே சரிபார்க்க விலக்கு வேண்டும் என்றாள். டைரக்டர் பரிவாகக் கேட்டார். விலக்கு தரத் தமக்கு ஆசைதான் என்றும், ஆனால் வெளிச்சத்தால் சாயம் கெடுகிறது என்பது இதுவரை அவளுடைய கூற்று மட்டுமே என்றும், கூற்று வேறு உண்மை வேறு என்றும், உண்மையா என்று பார்க்க ஒரு கமிட்டி போடுவதாகவும் சொன்னார்.

கமிட்டி மிக வேகமாகச் செயல்பட்டது. அந்தக் கழகத்தில் அவ்வளவு வேகமான கமிட்டியை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வெளிச்சத்தால் சாயம் கெடுகிறதா என்று அறிய, மிச்சமிருந்த சாயம் முழுவதையும் அகலமான தட்டுகளில் ஊற்றி மொட்டைமாடியில் வரிசையாகப் பரப்பினார்கள். காக்கை தொடாமலிருக்க மேலே வலை கட்டி, ஆல்கஹால் ஆவியாகாமலிருக்கக் கண்ணாடிப் பலகையால் மூடினார்கள். விஞ்ஞானத்தில் குறை வைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தட்டில் இருந்த திரவத்தின் வழியாகத் தட்டின் பூ டிசைன் பளிச்சென்று தெரிந்தது. சாயம் பூரணமாகச் செத்திருந்தது.

ஹில்டாவின் கூற்று நூற்றுக்கு நூறு உண்மை என்று கமிட்டி தீர்ப்பளித்தது. அவளுடைய கூர்மையைப் பாராட்டியது. அவள் கேட்ட விலக்கையும் அன்றே வழங்கியது.

“ஆனா விலக்கு எதுக்கு சார் இப்ப? சாயமே இல்லையே,” என்றாள் ஹில்டா.

யேசுதாசன் திரவத்தை மறுபடி பாட்டிலில் ஊற்றி, பாட்டிலைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். “இல்லைன்னு யாரும்மா சொன்னா? அளவு சரியா இருக்கு பாரு. கழுத்து வரைக்கும் இருந்தது, கழுத்து வரைக்கும் இருக்கு. நிறம்னு நம்ம விதியிலே எதுவும் இல்லை.”

அளவு குறையாததால் இழப்பு இல்லை. இழப்பு இல்லாததால் புதிதாகச் சாயம் செய்யவும் அனுமதி இல்லை, அதற்குக் காலமும் இல்லை. ஹில்டா பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள். பூட்டவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்ததாக ரத்தினபாய் பிற்பாடு சொன்னார். வாசிக்கவில்லையாம், சும்மா உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். சாயத்தைக் கரைப்பதற்கு முன்னால் அதன் படிகத்தில் ஒரு சிட்டிகையை, பொட்டலம் மடித்து, கேட்டில் தெரியாமல் கொண்டைக்குள் செருகி எடுத்துப்போய், வீட்டிலேயே மிக இருட்டான இடம் என்று அந்த ஆர்மோனியத்தின் வயிற்றுக்குள் அவள் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு தடவை லேசருக்கு முன்னால் வைக்கத்தான் அது போதும்.

அந்தச் சிட்டிகையை மூன்று அதிகாரிகளும் பார்த்ததில்லை. ஆகவே அது கழகத்தில் இல்லை. ஹில்டாவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அப்படி இல்லாமல் இருந்த அந்தச் சிட்டிகைதான்.

பிப்ரவரியில் வரவேண்டிய லேசர் மார்ச்சில் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். யேசுதாசன் ஒரு சின்ன ஜெபம் செய்தார். லேசரின் மேல் சந்தனம் வைத்ததில் ஒரு கண்ணாடி மறைந்துபோய், முதல் மூன்று நாள் அது வேலை செய்யாமல் இருந்தது. துடைக்கலாமா என்று கேட்டு எழுதி, பதில் வந்து, துடைத்தார்கள். பிறகு தசரதன் லேசர் அறைக்கு விதிமுறை வகுத்தார். அதிகாரிகள் உடன் இருக்கும்போது மட்டுமே லேசரை இயக்கலாம். அறையின் எல்லா டியூப்லைட்டும் எரியவேண்டும். கதவும் ஜன்னலும் திறந்திருக்கவேண்டும். காரணம், ஒரு பெண் இருட்டு அறையில் வேலை செய்தால் கழகத்தின் பெயர் என்ன ஆவது.

டியூப்லைட் எரிகிற அறையில் பிளேட்டைத் திறந்தால் அதில் டியூப்லைட்டின் ஒளிதான் விழும். ஹில்டா இதைச் சொன்னாள். அப்படியானால் அதுவும் ஒளிதானே என்றார் தசரதன்.

மார்ச் கடைசி வாரம். இனிக் கெஞ்சிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழகத்தில் ஒரே ஒரு காரியம் மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படாமல், எந்தக் கமிட்டிக்கும் தலைவணங்காமல் நடந்துவந்தது. அது மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு அப்புறம் அதிகாரிகள் கொஞ்சம் கண்ணயர்வார்கள். அந்த நேரத்தில் கட்டடத்தில் தீப்பிடித்தாலும் மூன்று மணிக்குத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் ஸ்விட்சை அழுத்த ஒரு ஆள் வேண்டும். நிறம் பிரிக்கும் கருவியிடம் நின்று பிளேட்டின் மூடியைத் திறக்க அவளுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. லேப் அட்டெண்டர் குப்பனிடம் கேட்டாள். குப்பனுக்கு இரும்புலியூர். தற்காலிக வேலை. நிரந்தரமாக்க அவனையும் மூன்று அதிகாரிகள் பார்த்துச் சான்று தரவேண்டும், மூவரும் லீவு எடுக்காத ஒரு வாரம் இன்னும் வாய்க்கவில்லை.

“இன்னாக்கா, அழுதியா?” என்றான் குப்பன். “கண்ணு செவந்து கீது.”

“குப்பா, ஒரு ஸ்விட்ச் போடணும். தெரிஞ்சா உன் வேலை போயிடும்.”

“இருக்கிற வேலை இன்னா வேலைக்கா. போடறேன் வா.”

கதவைச் சாத்தினார்கள். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினார்கள். கம்பளி குப்பனுடையது, அதில் அவன் வீட்டு ஆட்டின் வாசம் அடித்தது. போனதுபோலவே கொண்டைக்குள் ஒளிந்து திரும்பி வந்திருந்த ஆர்மோனியப் பொட்டலத்தை ஆல்கஹாலில் தட்டி, ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி, லேசரின் எதிரில் வைத்தாள். கழகம் ஒரே ஒரு காப்புக்கண்ணாடிதான் வாங்கியிருந்தது. அதை ஹில்டா போட்டுக்கொண்டாள்.

“குப்பா, நான் சொன்னதும் கண்ணைக் கெட்டியா மூடிக்கோ. அப்புறம் ஸ்விட்சைப் போடு. என்ன ஆனாலும் திறக்காதே. பட்டுச்சுன்னா பார்வை போயிடும்.”

“சரிக்கா.”

விளக்கை அணைத்தாள். பிளேட்டின் மூடியைத் திறந்தாள். சொன்னாள்.

பட்டாசுபோல ஒரு சத்தம். எதிரே அவள் வைத்திருந்த வெள்ளை அட்டையின் மேல் ஒரு புள்ளி விழுந்தது. நாலு வருஷமாக அவள் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்த நிறம். பழுத்த பப்பாளியை வெட்டினால் உள்ளே இருக்கிற நிறம், அதை இன்னும் சுண்டக் காய்ச்சினாற்போல. மினுக்கம் இல்லை, அங்குமிங்கும் சிதறவில்லை. ஒரே நிறம், ஒரே திசை. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அவள் இமைக்கவில்லை.

பிளேட்டை மூடினாள். விளக்கைப் போட்டாள். குப்பன் இன்னும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஸ்விட்சில் கை வைத்தபடி, திறக்கலாமா அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி பிளேட்டைக் கழுவினால் கோடு தெரிந்துவிடும். பிளேட் கழுவும் இருட்டறையோ ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. ஒளி ஆராய்ச்சிக் கட்டடத்துக்குள் ஒரு இருட்டறை இருப்பது வருகிறவர்களுக்குத் தவறான எண்ணத்தைக் கொடுக்கும் என்று திறப்புவிழாவுக்கு முன்பே அதை அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஆகவே பிளேட் கேட்டைத் தாண்டவேண்டும். கேட்டைத் தாண்டுகிற எதுவும் திறந்து பார்க்கப்படவேண்டும். ஹில்டா பிளேட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து, மேல்தட்டில் தயிர்சாதத்தை வைத்து மூடிக்கொண்டு நடந்தாள். அந்தக் கொஞ்ச தூரம் அவள் நடந்த நடையை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலைச்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள்கூட அப்படி நடக்கமாட்டாள்.

கேட்டில் அன்று வாட்ச்மேன் இல்லை. அவர் சாப்பிடப் போயிருந்தார். பதிலுக்கு, கடமை தவறாத யேசுதாசன் தூக்கத்தையும் விட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தயிர்சாதத்தைப் பார்த்தார். கரண்டியால் ஒரு தடவை கிளறியும் பார்த்தார். அடித்தட்டைத் திறந்தார்.

“இது என்னம்மா கறுப்பா?”

“சார், அது பிளேட். என் ரிசல்ட். இருட்டுல மட்டும்தான் திறக்கலாம். எதிர்ல டார்க் ரூம் இருக்கு, நீங்களே கூட வாங்க சார், அங்க வச்சுக் காட்டறேன். உங்க கால்ல விழறேன் சார்.”

“கால்ல எல்லாம் விழாதே. உனக்கு விலக்கு இருக்கும்மா, நான் மறக்கலை. ஆனா விலக்கு சாயத்துக்கு. இது பிளேட் இல்லையா?”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக, ஒரு தகப்பனைப்போல, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கறுப்புக் காகிதத்தைப் பிரித்து, பிளேட்டை இரண்டு ஓரத்திலும் பிடித்து, கண்ணாடி என்பதால் விரல்ரேகை படாமல் ஜாக்கிரதையாகத் தூக்கி, ஜி.எஸ்.டி. ரோட்டின் மார்ச் மாத வெயிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லையே, வெறும் கண்ணாடிதானே,” என்று சொல்லி, பழையபடி அழகாகச் சுற்றிக் கொடுத்தார். “இதுக்குப்போயா அழறே?”

ஹில்டா திரும்பி லேசர் அறைக்கு ஓடினாள். கண்ணாடிப் பெட்டியில் சாயம் இன்னும் கொஞ்சம் இருக்கும், இன்னொரு பிளேட் போடலாம் என்று நினைத்திருப்பாள். அங்கே, பட்டாசுச் சத்தத்தில் தூக்கம் கலைந்து வந்த தசரதன் நின்றுகொண்டிருந்தார். சான்று இல்லாத ஏதோ ஒரு சிவப்புத் தண்ணீர் இருந்ததாகவும், இல்லாத பொருள் அறையில் இருக்கக்கூடாது என்பதால் தாமே வாஷ்பேசினில் கொட்டிக் கழுவிவிட்டதாகவும் சொன்னார். பெட்டி பளபளவென்று இருந்தது.

அப்படியும் அவள் எதிர்ப்பக்கம் போய் அந்தப் பிளேட்டைக் கழுவினாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை கரிக்கட்டைபோலக் கறுத்துத்தான் வந்தது.

மறுநாள் டைரக்டர் அறைக்கு அவளை வரச்சொன்னார்கள். மெமோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நடந்தது அதுவல்ல. டைரக்டர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். அவள் திரும்பி வரும்போது பார்வைச் சான்றுக்காகக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்ட அந்தப் பிளேட், மேஜைமேல் ஒரு சால்வையின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

“பிளேட்ல ஒளி பட்ட இடம்தான் கறுக்கும். இது முழுக்கக் கறுத்திருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? உங்க சாயம் எல்லா நிறத்துலயும் லேசர் ஒளி தந்திருக்கு. உலகத்துல எந்தச் சாயமும் ஒரு நிறத்துக்கு மேல தந்ததில்லை. மிஸ் ஹில்டா, நம்ம கழகம் தந்திருக்கு.”

“அது ரோட்டு வெயில் சார்,” என்றாள் ஹில்டா.

“அப்படின்னு பிளேட்ல எங்கயாவது எழுதியிருக்கா?”

கட்டுரை தயாராக இருந்தது. டைரக்டர், தசரதன், யேசுதாசன் மூவர் பெயரும் மேலே இருந்தன. நாலாவதாக ஹில்டாவின் பெயர். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் காலநீட்டிப்பு உண்டு, பட்டம் உண்டு, பிறகு இதே கழகத்தில் வேலையும் உண்டு என்று டைரக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

“ஒரே ஒரு நிறம்தான் சார் வந்தது. நான் என் கண்ணால பாத்தேன்.”

“வேற யார் பார்த்தா?”

ஹில்டா தயங்கினாள். ஆள் பெயரைச் சொன்னால் அவன் வேலை போகும். ஆனால் வாசலில் நின்றிருந்த குப்பன் தானாகவே உள்ளே வந்துவிட்டான்.

“நானும் இருந்தேன் சார். ஸ்விட்ச் போட்டது நான்தான். அக்கா சொல்றது நெசம்.”

தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன நிறம் பார்த்தே?”

குப்பன் ஹில்டாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “கண்ண மூடிக்கினு இருந்தேன் சார். அக்காதான் கெட்டியா மூடிக்கோன்னுச்சு. கண்ணு பூடும்னுச்சு.”

“கொஞ்சம்கூடத் திறக்கலையா?”

“அக்கா அவ்ளோ தூரம் சொல்லச்சொல்ல எப்டி சார் தொறக்கிறது?”

அந்தக் கழகத்தில் ஒரு பாதுகாப்பு விதியை ஒருவன் முழுசாகக் கடைப்பிடித்தது அதுவே முதல் தடவை. ஹில்டா அவனைக் கோபிக்கவில்லை. நல்ல காரியம் செய்தாய் என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

“மூடின கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டார் தசரதன்.

“கறுப்பாத்தான் சார் தெரிஞ்சுது. முழுக்கக் கறுப்பு.”

தசரதனும் டைரக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளேட்டும் முழுக் கறுப்பு, சாட்சியும் முழுக் கறுப்பு. இரண்டும் அச்சாக ஒத்துப்போயின. இவ்வளவு பொருத்தமான சாட்சியைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்று டைரக்டர் மெய்சிலிர்த்தார். குப்பனை நிரந்தரமாக்க அந்த இடத்திலேயே உத்தரவாயிற்று.

பேனா ஹில்டாவின் கையில் இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அப்பா இல்லை, அம்மாவின் ஆர்மோனியத்தில் குடும்பம் நடக்காது, வெளியே வேலை வரிசையில் காத்துக்கிடந்தவர்கள் செங்கல்பட்டுவரை நிற்பார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததில்லை. பேனாவை மூடிக் கட்டுரையின் மேல் வைத்தாள்.

“பப்பாளிப் பழ நிறம் சார். அது ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கட்டுரை மூன்று பெயரோடு போயிற்று. பாராட்டு விழாகூட நடந்தது. அது வேறு.

ஹில்டா வெளியேறிய அன்றும் கேட்டில் யேசுதாசன்தான் இருந்தார். அவள் பையைத் திறந்து காட்டினாள். ஒரு குடை, ஒரு சீப்பு, காலி டிபன் கேரியர். அவர் டிபன் கேரியரை வெயிலில் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வேற எதுவும் கொண்டுபோகலையே?”

அவள் அழுது முடித்த முகத்தோடு நின்றாள். “ஒரு நிறம் கொண்டுபோறேன் சார்.”

“அப்படியா, எடுத்துக் காட்டும்மா.”

“காட்ட முடியாது சார். நான் மட்டும்தான் பாத்தேன்.”

யேசுதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். விதி முழுவதையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும்.

“மூணு பேரும் பாக்காததுன்னா அப்படி ஒண்ணு நம்ம கழகத்திலேயே இல்லை. இல்லாததுக்கு ஏதும்மா கேட் பாஸ்? போயிட்டு வா.”

அவளுக்காகக் கேட்டைத் தாமே திறந்துவிட்டார். கேட்டில் சொல்லிக்கொண்டே, அந்தக் கட்டடத்திலிருந்து யாரும் பிரித்துப் பார்க்காமல் வெளியே போன பொருள் அது ஒன்றுதான்.